குதிரையோடு வனத்தில் தங்குவது எப்படி: குடும்பங்களுக்கும் குதிரையேற்றக்காரர்களுக்கும் பொதுவான முகாம் திடலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில், அமெரிக்கன் ஃபோர்க் பள்ளத்தாக்கில், டிம்பனோகஸ் மலையின் அடியில் சுமார் 7,400 அடி உயரத்தில் டிம்பூனெக்கி முகாம் திடல் இருக்கிறது. யூன்டா-வாசாச்-கேஷ் தேசிய வனத்தைச் சேர்ந்த இத்திடலில் குடும்பங்கள் கூடாரமடிக்கும் இடங்களும் குதிரையோடு வருபவர்களுக்கான இடங்களும் உண்டு. இங்கும் இதைப் போன்ற வேறு வனத் திடல்களிலும் குடும்பத்தோடும் இரண்டு குதிரைகளோடும் பல கோடைகள் தங்கியிருக்கிறேன். முதன்முறையாக வரும் நண்பர்களை உடன் அழைத்துச் சென்று, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

அவர்களுக்கு விவரம் தெரியாமல் இல்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் தவறுகிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை அவற்றின் வரிசையிலேயே, நாள் கணக்கு சொல்லியிருக்கும் இடத்தில் அந்தக் கணக்கின்படியே, பின்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. தேதிக்கு முன் இடத்தின் நீளத்தைப் பாருங்கள்

தேசிய வனத் திடல்களுக்கான முன்பதிவு ரெக்ரியேஷன்.காவ் என்ற இணையதளத்தில் நடக்கிறது. பல திடல்களுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடுவதால், ஜூலை, ஆகஸ்ட் மாத வார இறுதிகளை விரும்புகிறவர்கள் குளிர்காலத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். ஆனால் தேதியைத் தொடும் முன்பு, ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே குறிப்பிட்டிருக்கும் வாகன நீளத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த நீளத்தைத் தங்கள் டிரெய்லரின் நீளத்தோடு மட்டும் ஒப்பிடுவது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. இழுத்துச் செல்லும் பிக்கப் வண்டி மட்டுமே ஏறத்தாழ 20 அடி இருக்கும். இரண்டு குதிரைகளுக்கான சிறிய டிரெய்லர் 15 அடி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 35 அடி ஆகிறது. அதற்குப் பின்னால் குதிரை இறங்கித் திரும்புவதற்கு இன்னும் 15 அடியாவது வெற்றிடம் வேண்டும். 30 அடி இடத்தைப் பதிவு செய்துவிட்டு, குதிரையைச் சாலையின் நடுவில் இறக்க நேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குதிரைக்கென ஒதுக்கிய இடங்களைக் குதிரை இல்லாதவர்கள் பதிவு செய்வதைப் பல திடல்கள் அனுமதிப்பதில்லை. அதேபோல் குடும்ப இடத்துக்குக் குதிரையைக் கொண்டுபோவதும் கூடாது. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வந்து அவற்றில் ஒன்றுக்கு மட்டும் குதிரை இருந்தால், இரு வகையிலும் ஒவ்வோர் இடத்தைத் தனித்தனியே பதிவு செய்வதே சரி.

பதிவு முடிந்ததும் அந்தப் பகுதியின் ரேஞ்சர் அலுவலகத்தை அழைத்து நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: குழாயில் தண்ணீர் வருகிறதா, குதிரை கட்டும் குறுக்குக்கட்டை இருக்கிறதா, மரங்களுக்கிடையே கயிறு கட்ட அனுமதி உண்டா, குதிரைச் சாணமாகிய லத்தியை எங்கே போட வேண்டும்? டிம்பூனெக்கிக்குரிய அலுவலகம் பிளசன்ட் குரோவ் சரகத்தைச் சேர்ந்தது. இந்த நான்கு விடைகளைப் பொறுத்தே நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டியவற்றில் பாதி மாறும்.

2. குதிரைக்கான தாள்களைச் சேர்த்து வையுங்கள்

வேறு மாநிலத்திலிருந்து உட்டாவுக்குக் குதிரையைக் கொண்டுவருகிறவர், கால்நடை மருத்துவர் 30 நாள்களுக்குள் அளித்த உடல்நலச் சான்றையும், ஓராண்டுக்குள் எடுத்த காகின்ஸ் பரிசோதனையின் முடிவையும் கையில் வைத்திருக்க வேண்டும். காகின்ஸ் என்பது குதிரைகளுக்கு வரும் தொற்று இரத்தசோகையைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை. இந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை என்பதால்தான் இதில் இத்தனை கண்டிப்பு. உட்டாவிலிருந்து எல்லை கடப்பதானால் உரிமையை உறுதி செய்யும் பிராண்ட் இன்ஸ்பெக்‌ஷன் சான்றும் தேவை.

ஆய்வகத்திலிருந்து முடிவு வரச் சில நாள்கள் ஆகும். புறப்படும் வாரத்தில் மருத்துவரைத் தேடுவது வீண் பதற்றம். மூன்று வாரங்களுக்கு முன்பே இரத்தம் எடுத்துவிட்டால், உடல்நலச் சான்றின் 30 நாள் கெடுவுக்குள் பயணமும் அடங்கிவிடும்.

3. தீவனத்தை நான்கு நாள்களுக்கு முன்பே மாற்றுங்கள்

உட்டாவின் தேசிய வனங்களுக்குள், களைவிதை அற்றது எனச் சான்று பெற்ற உலர்புல்லைத் தவிர வேறு உலர்புல்லைக் கொண்டுசெல்லக் கூடாது. சான்று பெற்ற கட்டுகளை அவற்றைக் கட்டியிருக்கும் சிறப்புக் கயிற்றைக் கொண்டோ, உடன் வரும் சீட்டைக் கொண்டோ அடையாளம் காணலாம். ஆலையில் அழுத்திச் செய்த குச்சித் தீவனத்துக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

பலரும் இதைப் பாதிதான் கடைப்பிடிக்கிறார்கள். சான்று பெற்ற புல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு, புறப்படும் நாள் காலை வரை வீட்டுப் புல்லையே போடுகிறார்கள். குதிரை தின்ற விதைகளில் பல செரிக்காமல் மூன்று நான்கு நாள்கள் வரை லத்தியோடு வெளியே வருகின்றன, முளைக்கவும் செய்கின்றன. ஆகவே புறப்படுவதற்கு நான்கு நாள்களுக்கு முன்பே புதிய புல்லுக்கு மாற வேண்டும். இதில் குதிரைக்கும் ஒரு நன்மை உண்டு. தீவனத்தைத் திடீரென மாற்றினால் வயிற்றுவலி வரும், சிறிது சிறிதாகக் கலந்து மாற்றினால் குடல் பழகிக்கொள்ளும்.

கணக்கு எளிது. 450 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் சுமார் இரண்டு விழுக்காடு, அதாவது 9 கிலோ உலர்புல் தின்னும். இரண்டு குதிரைகளுக்கு முகாமில் மூன்று நாள்களுக்கு 54 கிலோ, முன்னதாக வீட்டில் நான்கு நாள்களுக்கு 72 கிலோ. இதற்கு மேல் ஒரு கட்டு கூடுதலாக இருக்கட்டும். கட்டியிருக்கும் குதிரைக்கு வாயில் ஏதேனும் இருந்துகொண்டே இருந்தால்தான் அது தரையைப் பறிக்காமலும் மரப்பட்டையைக் கடிக்காமலும் நிற்கும்.

4. வீட்டில் ஓர் இரவு ஒத்திகை பாருங்கள்

தவிர்க்கக் கூடாத படி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். லாயத்திலோ வேலியிட்ட புல்வெளியிலோ வளர்ந்த குதிரைக்கு இரவு முழுவதும் கயிற்றில் நிற்பது புதிது. கழுத்தைத் தாழ்த்துவது, திரும்புவது, கயிறு எவ்வளவு தூரம் வரும் என்று அறிவது எல்லாவற்றையும் அது கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பாடத்தை இருட்டில், தெரியாத காட்டில், பக்கத்துக் கூடாரத்தில் குழந்தைகள் உறங்கும்போது நடத்தக் கூடாது.

பயணத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன், முதலில் பகலில் இரண்டு மணி நேரம், பிறகு ஒரு முழு இரவு, முகாமில் கட்டப்போகும் அதே முறையில் வீட்டிலேயே கட்டிப் பாருங்கள். நீங்கள் உறங்காமல் அருகில் இருக்க வேண்டும். அதே நாள்களில் முகாமுக்குக் கொண்டுபோகும் வாளியிலேயே தண்ணீர் காட்டுங்கள். குழாய் நீரின் மணம் மாறினால் சில குதிரைகள் வாய் வைக்காது. நீரில் சிறிது ஆப்பிள் சாறு கலந்து வீட்டிலேயே பழக்கிவிட்டால், எந்த ஊர்த் தண்ணீரிலும் அதே மணத்தைக் காட்டிக் குடிக்க வைக்கலாம்.

5. வண்டி, பாதை, பயணம்

புறப்படுவதற்கு முந்தைய நாள் டிரெய்லரின் டயர்களில் காற்று, விளக்குகள், இணைப்புக் கொண்டி, பாதுகாப்புச் சங்கிலிகள், தனியே கழன்றால் தானாகப் பிடிக்கும் பிரேக்கின் மின்கலம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். டிரெய்லரின் தரைப்பலகையையும் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சிறுநீர் ஊறி உளுத்துப்போன பலகை மேலிருந்து பார்த்தால் தெரியாது.

ஒரே குதிரை என்றால் ஓட்டுநர் பக்கமாகிய இடப்புறம் ஏற்றுங்கள், இரண்டு என்றால் எடை கூடியதை அப்பக்கம் ஏற்றுங்கள். சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் வலப்புறம் எடை கூடினால் டிரெய்லர் ஓரத்துக்கு இழுக்கும். நெடும்பயணத்தில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும்.

டிம்பூனெக்கிக்குச் செல்லும் 92-ஆம் எண் மாநிலச் சாலை ஆல்பைன் லூப் எனப்படுகிறது. குளிர்காலம் முழுவதும் அதன் மேற்பகுதி பனியால் மூடிக்கிடக்கும். டிரெய்லரோடு வருகிறவர்கள் மேற்கே அமெரிக்கன் ஃபோர்க் பக்கமாகவே ஏறி, அப்பக்கமாகவே இறங்குங்கள். மலைமுகட்டைக் கடந்து சன்டான்ஸ் பக்கம் இறங்கும் பகுதி மிகக் குறுகல், வளைவுகளும் அதிகம். வழிகாட்டும் செயலி தூரம் குறைவு என்று அப்பக்கம் காட்டினாலும் நம்ப வேண்டாம்.

6. திடலில் முதல் ஒரு மணி நேரம்

பகல் வெளிச்சம் குறைந்தது மூன்று மணி நேரம் மிச்சமிருக்கும்போது வந்து சேருங்கள். வண்டியை நிறுத்தியதும் முதலில் டிரெய்லர் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். ஒருவர் குதிரைகளின் அருகில் நிற்க, மற்றொருவர் அந்த இடத்தை முழுவதும் நடந்து பாருங்கள். உடைந்த கண்ணாடி, கம்பித்துண்டு, குழிகள், பழைய கயிறு, முன்பு வந்தவர் விட்டுச்சென்ற புல் ஆகியவற்றை அகற்ற வேண்டும். அந்நியக் குதிரை தின்று மிச்சம் வைத்த புல்லை உங்கள் குதிரை தொடவே கூடாது.

குதிரையை இறக்குவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் தலைக்கயிற்றை அவிழ்க்க வேண்டும், அதன் பிறகே பின்னாலுள்ள தடுப்பைத் திறக்க வேண்டும். ஏற்றும்போது இதற்கு நேர்மாறாக, முதலில் பின்தடுப்பை மூட வேண்டும், பிறகே தலைக்கயிற்றைக் கட்ட வேண்டும். தலை கட்டுண்டிருக்கப் பின்புறம் திறந்திருந்தால் குதிரை பின்வாங்கும். கயிறு இழுபட்டதும் மாட்டிக்கொண்டோம் என்று மிரண்டு முழு பலத்தோடு திமிறும். நெற்றி கிழிவதும் பின்னங்கால் முறிவதும் இப்படித்தான் நேர்கின்றன.

இறக்கியதும் பத்து நிமிடம் கையில் பிடித்து நடத்தி, தண்ணீர் காட்டி, கட்டும் இடம் தயாராகும் வரை டிரெய்லரின் பக்கவாட்டு வளையத்தில் கட்டலாம். ஆனால் டிரெய்லர் பிக்கப்போடு இணைந்திருக்கும் வரைதான் அப்படிக் கட்டலாம். கொண்டியைக் கழற்றிய டிரெய்லரை ஒரு குதிரை எளிதில் நகர்த்திவிடும்.

இந்த ஒரு மணி நேரத்தில் கூடாரத்தை விரிக்காதீர்கள், அடுப்பையும் எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்பதால், வழியிலேயே உண்ணக்கூடிய ஏதேனும் கையில் இருக்கட்டும். கூடாரத்துணி காற்றில் படபடக்கும் ஓசை, இன்னும் இடம் பழகாத குதிரைக்கு ஒரு பெரிய விலங்கு அருகில் வந்து நிற்பதைப் போன்றது.

7. கயிறு கட்டுவது

குறுக்குக்கட்டையோ அடைப்போ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மரத்தில் நேராகக் குதிரையைக் கட்டுவதை எங்கும் செய்யக் கூடாது. டிம்பனோகஸ் அடிவாரத்தில் ஆஸ்பென் மரங்கள் அடர்ந்திருக்கின்றன. அவற்றின் பட்டை மெல்லியது, உயிருள்ளது. குதிரை அதைக் கடித்தோ கயிறு உராய்ந்தோ ஏற்படும் காயத்தின் வழியே பூஞ்சை புகுந்து மரத்தையே கொன்றுவிடும். வேரைச் சுற்றிக் குளம்பால் பறித்தாலும் அதே கதிதான்.

அனுமதி உண்டென்றால் இரு மரங்களுக்கிடையே உயரத்தில் கயிறு கட்டி, அதிலிருந்து பிடிகயிற்றைத் தொங்கவிடும் முறையே குதிரைக்கும் மரத்துக்கும் நல்லது. இங்குள்ளவர்கள் இதை ஹைலைன் என்பார்கள். நல்ல பருமனுள்ள இரு மரங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு அங்குல அகலமுள்ள வார்ப்பட்டையைச் சுற்றி, அந்தப் பட்டையில் கயிற்றை மாட்டுங்கள். தரையிலிருந்து ஏழு எட்டு அடி உயரம் வேண்டும். நீரோடையிலிருந்து 200 அடியாவது, அதாவது பெரியவர் ஒருவரின் 70 காலடியாவது, விலகி இருக்க வேண்டும். தண்ணீரில் லத்தி கலக்காமல் இருக்க இந்த தூரம் அவசியம்.

குதிரைகளை மரத்திலிருந்து எட்டடிக்குக் குறையாமலும், ஒன்றிலிருந்து ஒன்று பத்தடிக்குக் குறையாமலும் நிறுத்துங்கள். பிடிகயிற்றின் நீளமே இதில் உயிர்நாடி. தலையைத் தாழ்த்தித் தரையிலுள்ள புல்லை எட்ட வேண்டும், ஆனால் காலைத் தூக்கிப் போடும் அளவுக்குக் கயிறு தொய்யக் கூடாது. கட்டிய பின் குதிரையின் தலையை நீங்களே தாழ்த்திப் பார்த்து இதை உறுதி செய்துகொள்ளுங்கள். இழுத்தால் அவிழும் முடிச்சையே போட வேண்டும், அருகிலுள்ள வார்ப்பட்டையில் உறையோடு கூடிய கத்தி ஒன்றும் தொங்க வேண்டும்.

ஓர் ஆகஸ்ட் மாலையில் நான் கட்டிய கயிறு பார்க்க விறைப்பாகவே இருந்தது. இரண்டு குதிரைகளும் அரை மணி நேரம் இழுத்து நின்றதில் மரத்தைச் சுற்றிய பட்டை நான்கு விரல்கடை கீழே இறங்கி, நடுவில் கயிறு தொய்ந்துவிட்டது. எங்கள் பெண்குதிரை ஈயை விரட்டக் காலை உதறியபோது, வலது முன்னங்கால் பிடிகயிற்றுக்கு மேலே போய்விட்டது. அது கத்தவில்லை. மூக்குத்துளைகள் விரிந்து, முழங்காலுக்குக் கீழே தோல் நடுங்க, மூன்று காலில் அசையாமல் நின்றது. எடை முழுவதும் தொங்கியதால் முடிச்சு இறுகி, இழுத்தும் அவிழவில்லை. நண்பர் கத்தியால் கயிற்றை அறுத்தார். தோல் மட்டுமே உராய்ந்திருந்தது. அன்றிலிருந்து கட்டிய அரை மணி நேரத்தில் ஒரு முறையும், படுக்கப்போகும் முன் ஒரு முறையும் கயிற்றைக் கையால் அழுத்திப் பார்த்து மீண்டும் இறுக்காமல் இருப்பதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

8. தண்ணீர்

ஒரு குதிரை நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும், வெயிலில் உழைத்தால் அதற்கு மேலும் குடிக்கும். திடலில் குழாய் இல்லையென்றால் இரண்டு குதிரைகளுக்கு மூன்று நாளைக்கு 240 லிட்டர் சுமக்க வேண்டும். அது 240 கிலோ எடை என்பதை வண்டியின் இழுவைத் திறனோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

குழாய் இருந்தாலும் வாளியில் பிடித்துக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மக்கள் குடிநீர் பிடிக்கும் குழாயடியில் குதிரையை நிறுத்தக் கூடாது. பொதுத் தொட்டி இருந்தால் அதையும் தவிருங்கள். தொண்டையில் கட்டி வந்து சளி ஒழுகும் ஸ்ட்ராங்கிள்ஸ் நோய் பொதுத் தொட்டிகளின் வழியாகப் பரவுகிறது. 2011-இல் இதே உட்டாவின் ஆக்டன் நகரில் நடந்த ஒரு குதிரைப் போட்டியில் ஈ.எச்.வி-1 என்ற வைரஸ் தொற்றி, வீடு திரும்பிய குதிரைகளோடு பல மேற்கு மாநிலங்களுக்கும் பரவியது. ஆகவே உங்கள் வாளி உங்கள் குதிரைக்கு மட்டுமே. பக்கத்து இடத்துக் குதிரையோடு மூக்கை உரசவும் விடாதீர்கள்.

9. கூடாரமும் சமையலும்

இப்போதுதான் கூடாரத்தின் முறை. குதிரைகளிலிருந்து 50 அடியாவது தள்ளி, காற்று வரும் திசையில் அடியுங்கள். கூடாரத்தின் இழுகயிறுகள் குதிரை நடக்கும் வழியில் குறுக்கிடக் கூடாது. ஒருவேளை குதிரை அவிழ்த்துக்கொண்டால் அது எந்தப் பக்கம் ஓடும் என்று யோசித்து, அந்தப் பாதையில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். பெரும்பாலும் அது டிரெய்லரை நோக்கியோ, மற்றக் குதிரைகளை நோக்கியோ ஓடும்.

சமையலுக்கு ஒரு சொல். நம் குடும்பங்கள் பிரஷர் குக்கரை எடுத்து வருகின்றன. அதன் முதல் விசிலில் மூன்று இடங்களிலுள்ள குதிரைகள் ஒரே நேரத்தில் கயிற்றை இழுத்ததை நான் கண்டிருக்கிறேன். சோற்றைத் திறந்த பாத்திரத்தில் வடியுங்கள், பருப்பை வீட்டிலேயே வேகவைத்து ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே, ஏறத்தாழ 92 பாகையிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் பருப்பு வேகப் பொறுமையும் எரிபொருளும் மிக அதிகம் தேவைப்படும்.

உணவு எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். இது கருங்கரடிகள் வாழும் காடு. 2007 ஜூனில் இந்தப் பள்ளத்தாக்கிலேயே, டிம்பூனெக்கிக்கு அருகில், கூடாரத்தில் உறங்கிய 11 வயதுச் சிறுவனைக் கரடி இழுத்துச் சென்று கொன்றது. உணவு, எண்ணெய், பற்பசை, சோப்பு, குப்பை ஆகிய அனைத்தும் இரவில் பூட்டிய வண்டிக்குள் இருக்க வேண்டும். குதிரையின் தானியமும் வெல்லப்பாகு கலந்த தீவனமும் கரடிக்கு உணவுதான் என்பதைப் பலர் மறந்து, மூட்டையை டிரெய்லரின் வெளிப்புறத்தில் சாய்த்துவைத்து உறங்கிவிடுகிறார்கள். பிள்ளைகளின் சட்டைப்பைகளையும் படுக்கும் முன் ஒருமுறை பாருங்கள். மிட்டாய்க் காகிதம் ஒன்று போதும்.

10. பிள்ளைகளும், குதிரை இல்லாமல் வரும் குடும்பங்களும்

கூடாரம் அடித்த கையோடு பிள்ளைகளை உட்காரவைத்து மூன்று விதிகளைச் சொல்லுங்கள். கயிற்றுக்கு அடியில் புகக் கூடாது. குதிரையின் பின்புறமாக நெருங்கக் கூடாது. உரியவரிடம் கேட்காமல் தொடவோ ஊட்டவோ கூடாது. காரணத்தையும் சொன்னால் அவர்கள் கேட்பார்கள்: குதிரைக்கு நேர் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, தெரியாத ஒன்று தொட்டால் அது உதைக்கும். அருகில் செல்வதானால் பேசிக்கொண்டே, தோள்பட்டையின் பக்கமாகச் செல்ல வேண்டும்.

குதிரை இல்லாத குடும்பங்கள் மிச்ச உணவை அன்போடு நீட்டுவதுண்டு. வெங்காயம் குதிரையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும், நம் சமையலில் அது இல்லாத பண்டம் குறைவு. பலூன், பட்டம், விரித்த குடை, மிதிவண்டி ஆகியவற்றைக் குதிரை இடங்களுக்கு அருகில் தவிருங்கள். நாயைக் கொண்டுவந்தால் ஆறடிக்கு மேற்படாத வாரில் கட்டியே வைத்திருக்க வேண்டும் என்பது வனத்துறை விதி.

11. நெருப்பு

கோடையில் உட்டா வனங்களில் நெருப்புக்கான கட்டுப்பாடுகள் அடிக்கடி மாறும். முதல் கட்டத்தில் திடலில் அமைத்துள்ள இரும்பு வளையத்துக்குள் மட்டும் எரிக்கலாம், இரண்டாம் கட்டத்தில் அதற்கும் தடை. வந்ததும் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். விறகை அந்த ஊரிலேயே வாங்க வேண்டும். தொலைவிலிருந்து கொண்டுவந்த கட்டைக்குள் மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் ஒளிந்து வருகின்றன.

12. இரவும் மறுநாள் சவாரியும்

படுக்கும் முன் புல், தண்ணீர், கயிறு, லத்தி ஆகிய நான்கையும் பாருங்கள். லத்தி இயல்பாக விழுந்திருந்தால் குடல் வேலை செய்கிறது என்று பொருள். இரவு பத்து மணிக்கு மேல் திடல் அமைதியாக இருக்க வேண்டும். ஜூலையிலும் இங்கே இரவு நன்றாகக் குளிரும். வியர்வையோடு நிற்கும் குதிரையைத் துடைத்து உலர்த்தாமல் இரவுக்குள் விடக் கூடாது.

மறுநாள் சவாரிக்கு அதிகாலையே உகந்தது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிற்பகலில் இடியோடு மழை வருவது வழக்கம் என்பதால், நண்பகலுக்குள் முகடுகளை விட்டு இறங்கிவிட வேண்டும். வார இறுதிகளில் டிம்பனோகஸ் உச்சிக்கு ஏறுபவர்கள் விடியும் முன்பே தலைவிளக்கோடு கிளம்புவார்கள். இருட்டில் ஆடி வரும் வெளிச்சம் குதிரையை மிரட்டும். ஆதலால் அப்பாதையைத் தவிர்த்து, குதிரைக்கு அனுமதியுள்ள வேறு பாதை எது என்று ரேஞ்சர் அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நடந்து வருபவர்கள் குதிரைக்கு வழிவிட வேண்டும் என்பது வழக்கம், அதிலும் அவர்கள் பள்ளத்தின் பக்கம் ஒதுங்குவது நல்லது. மேலிருந்து பாயும் விலங்கே குதிரையின் பழைய அச்சம். மேட்டில் ஆள் நின்றால் அது பள்ளத்தை நோக்கி விலகும். ஒதுங்கி நிற்பவரிடம் இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள். குரல் கேட்டதும் அது மனிதர்தான் என்று குதிரை அமைதியாகும்.

13. நோயின் அறிகுறிகள்

திடலில் கைப்பேசிக்கு அலை கிடைக்காது என்று எண்ணியே தயாராகுங்கள். அருகிலுள்ள குதிரை மருத்துவரின் எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள், எந்த வளைவில் அலை வருகிறது என்பதை ஏறும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் 99 முதல் 101 பாகை ஃபாரன்ஹீட். வீட்டிலேயே ஒரு வாரம் அளந்து உங்கள் குதிரையின் அளவுகளை எழுதி வையுங்கள். அது தின்னாமல் நின்று, முன்னங்காலால் தரையைக் கீறி, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, படுத்துப் புரள முயன்றால் அது வயிற்றுவலி. தீவனத்தை எடுத்துவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். தானாகச் சரியாகும் என்று ஓர் இரவு காத்திருப்பதே இதில் நடக்கும் மிகப் பெரிய பிழை.

14. கிளம்புவது

கிளம்பும் நாளில் வரிசை தலைகீழாகிறது. குதிரைகள் புல் தின்றுகொண்டே நிற்கட்டும். முதலில் சமையல் பொருள்களையும் பிறகு கூடாரத்தையும் மூட்டை கட்டுங்கள். நெருப்பு எரித்திருந்தால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றிக் கிளறி, சாம்பலுக்கு மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு சிறிதும் இல்லை என்று உறுதியான பிறகுதான் இடத்தை விட்டு நகரலாம்.

அதன் பிறகு டிரெய்லரைப் பிக்கப்போடு இணைத்து, குதிரைகளை அதன் பக்கவாட்டில் கட்டிவிட்டு, அவை நின்ற இடத்தைச் சுத்தம் செய்யுங்கள். லத்தியையும் சிந்திய புல்லையும் வாரி, திடலில் அதற்கென இடம் இருந்தால் அங்கே கொட்டுங்கள், இல்லையென்றால் டிரெய்லரில் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். குளம்பு பறித்த குழிகளை மண்ணால் மூடி மிதித்துவிடுங்கள். மரங்களில் சுற்றிய வார்ப்பட்டைகளையும் கயிறுகளையும் கழற்றுங்கள். குதிரைகளை ஏற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி. முதலிலேயே ஏற்றிவிட்டால் அவை வெயிலில் பெட்டிக்குள் நிற்க, நீங்கள் சுத்தம் செய்வதில் அவசரப்படுவீர்கள்.

பள்ளத்தாக்கில் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். வளைவுகளில் மெதுவாகச் சென்றால்தான் பின்னால் நிற்கும் குதிரை கால் ஊன்றி நிற்க முடியும். வீடு சேர்ந்ததும் வாளிகளைச் சோப்பிட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள். வேறு குதிரைகள் உள்ள லாயம் என்றால், திரும்பிய குதிரையைச் சில நாள்கள் தனியே நிறுத்தி, காலையும் மாலையும் அதன் உடல் வெப்பத்தை அளந்து குறித்து வாருங்கள்.